சிற்றூரில் ஒரு கைது: லாயரை எப்போது, எப்படி அமர்த்துவது?

"கோயில் திருவிழா முடிந்த இரவில் கைகலப்பு, ஐந்து இளைஞர்கள் கைது, நான்கு நாள் தடுப்புக் காவல்." மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தென் செபராங் பிறைப் பக்கமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால், படிப்பவர்களுக்கு அது நான்கு வரியோடு முடிந்துவிடும். நிபோங் திபாலிலோ சுங்கை பக்காப்பிலோ இருக்கும் அந்த ஐந்து குடும்பங்களுக்கு அன்றிரவு தூக்கம் இருக்காது. நான்கு நாள் என்பது தண்டனையா? இப்போதே லாயர் பிடிக்க வேண்டுமா, கோர்ட்டில் சார்ஜ் செய்யட்டும் என்று காத்திருக்கலாமா? ஜார்ஜ்டவுனிலிருந்து பெரிய லாயரைக் கூப்பிடுவதா, கடைவீதியில் அலுவலகம் வைத்திருப்பவரே போதுமா? ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் பெரும்பாலான குடும்பங்கள் குற்றம் சாட்டப்பட்ட பிறகுதான் லாயரைத் தேடிப் புறப்படுகின்றன. அது தாமதம். வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் அதற்கு முன்பே, லோக்காப்பில் கழியும் அந்தச் சில நாள்களிலேயே நடந்துவிடுகின்றன. ஏன் என்று புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

கைது வேறு, குற்றச்சாட்டு வேறு

போலீஸ் ஒருவரைப் பிடித்து விசாரிப்பது கைது. 'இவர் இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன செக்‌ஷனின் கீழ் குற்றம் செய்தார்' என்று நீதிமன்றத்தில் வாசிக்கப்படுவதே குற்றச்சாட்டு. இரண்டுக்கும் நடுவே நான்கு கட்டங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. முதல் 24 மணி நேரம். கைதானவருக்கு அதற்கான காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்து பேச அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தரும் உரிமை. யாருடைய தயவும் இல்லை.

2. தடுப்புக் காவல். 24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் செக்‌ஷன் 117-இன்படி போலீஸ் மஜிஸ்திரேட்டிடம் கூடுதல் நாள் கேட்கும். இதைத்தான் 'ரிமாண்ட்' என்கிறோம். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல், அல்லது மரண தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 7, பிறகு 7. இது விசாரணைக்கான கால அவகாசம். தண்டனை இல்லை, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்பதும் இல்லை.

3. போலீஸ் ஜாமீன். காவல் காலம் முடிந்ததும் உடனே குற்றம் சாட்டாமல், கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். பல குடும்பங்கள் இதைக் 'கேஸ் முடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கின்றன. விசாரணைக் கோப்பு திறந்தேதான் இருக்கும். மாதக்கணக்கில் கழித்தும் அழைப்பு வரலாம்.

4. குற்றச்சாட்டு. கோப்பு அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம், அதாவது டிபிபியிடம் போகும். குற்றம் சாட்டுவதா, எந்தச் செக்‌ஷனில் சாட்டுவதா, வேண்டாமென்று விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவருடையது. டிபிபி அவர் சார்பில் செயல்படுபவர்.

ஒரே அடி, மூன்று செக்‌ஷன்

மேலே சொன்ன நாள் கணக்கு எல்லாமே செக்‌ஷன் எண்ணைப் பொறுத்தது. கைகலப்பு வழக்கையே எடுத்துக்கொள்வோம். பீனல் கோட் எனப்படும் குற்றவியல் சட்டத்தொகுப்பில் காயம் விளைவிப்பதற்குப் பல படிகள் இருக்கின்றன.

செக்‌ஷன் 323, வேண்டுமென்றே காயம் விளைவித்தல்: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக்‌ஷன் 324, ஆபத்தான ஆயுதத்தால் காயம்: 10 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி, இவற்றில் ஏதாவது இரண்டு வரை.

செக்‌ஷன் 326, ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம்: 20 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமோ பிரம்படியோ.

324 என்று கோப்பு திறந்தால் காவல் நாள் கணக்கு 4-உம் 3-உம். 326 என்றால் 7-உம் 7-உம். முதல் வகுப்பு மஜிஸ்திரேட் பொதுவாகப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை உள்ள வழக்குகளையே விசாரிக்க முடியும். அதனால் 326 செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். ஜாமீன் தொகையும் அதற்கேற்ப ஏறும். மூங்கில் கழியால் விழுந்த அடியில் தோல் கிழிந்ததா, எலும்பு முறிந்ததா என்பதுதான் 324-க்கும் 326-க்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஏனென்றால் எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதைச் சொல்வது மருத்துவ அறிக்கை.

இங்கேதான் நல்ல லாயரின் முதல் பயன். போலீஸ் கோப்பில் எழுதும் செக்‌ஷன் தொடக்கம்தான். டிபிபி அதை மாற்றலாம். அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் லாயர் டிபிபிக்கு 'ரெப்ரசென்டேஷன்' கடிதம் எழுதலாம். மருத்துவ அறிக்கை 324-ஐத் தாண்டவில்லை, இன்னார் அந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு மேல் சாட்சியம் இல்லை என்று காரணத்தோடு எடுத்துச் சொல்வதுதான் அந்தக் கடிதம். கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் கேட்காமல் கிடைப்பது அரிது.

லோக்காப் நாள்களில் லாயர் செய்யும் வேலை

"இன்னும் சார்ஜே பண்ணவில்லை, லாயர் வந்து என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்பவர்கள் நிறைய. அவர் செய்யும் வேலை இது.

முதலாவது, சந்திப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் செக்‌ஷன் 28A-இன்படி, விசாரணையைத் தொடங்குமுன் கைதானவர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள வழி செய்ய வேண்டும். வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான நேரம் தந்து கேள்வியைத் தள்ளிவைக்க வேண்டும். அந்தச் சந்திப்பு போலீஸாரின் கண் பார்வையில், ஆனால் முடிந்தவரை காதுக்கு எட்டாத தூரத்தில் நடக்க வேண்டும். கூட்டாளிகள் உஷாராகிவிடுவார்கள், சாட்சியம் அழிக்கப்படும் என்பது போன்ற காரணங்களுக்காக டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி இதை மறுக்கலாம். அந்தக் காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, வாக்குமூலம். அதே சட்டத்தின் செக்‌ஷன் 112-இன்கீழ் போலீஸ் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமை உண்டு. ஆனால் தன்மீதே குற்றம் பாயக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் அதே செக்‌ஷனில் இருக்கிறது. எழுதியதை அவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தம் சொல்ல வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு, மலாயில் எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போலீஸிடம் சொன்னதைப் பொதுவாக அரசுத் தரப்பு சாட்சியமாக வைக்க முடியாது என்று செக்‌ஷன் 113 சொல்வது உண்மைதான். என்றாலும் அதை நம்பி மனம்போனபடி பேசக் கூடாது. போதைப்பொருள் வழக்குகளுக்குத் தனி விதி இருக்கிறது. சொன்ன தகவலை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அதுவும் தனிக் கதை. இந்த வேறுபாடுகளைப் பத்து நிமிடச் சந்திப்பில் எடுத்துச் சொல்ல லாயரால் முடியும். பயந்துபோன பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவை தானாகத் தெரியாது.

மூன்றாவது, மஜிஸ்திரேட் முன் வாதம். ரிமாண்ட் கேட்பது வெறும் முத்திரை குத்தும் வேலை இல்லை. போலீஸ் தன் விசாரணைக் குறிப்பின் நகலைத் தர வேண்டும். கைதானவரோ அவருடைய லாயரோ பேச மஜிஸ்திரேட் இடம் தர வேண்டும். நான்கு நாள் எதற்கு, ஆயுதமும் கிடைத்துவிட்டது, சாட்சிகளும் பேசிவிட்டார்கள், இரண்டு நாள் போதாதா என்று கேட்க முடியும். உடம்பில் காயம் இருந்தால், இனிப்புநீர் மாத்திரை கொடுக்கப்படவில்லை என்றால், அதை மஜிஸ்திரேட் காதில் போடுவதற்கும் இதுவே முதல் இடம். லாயர் பக்கத்தில் நிற்கும்போது சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டும் துணிச்சல் வரும்.

நான்காவது, சங்கிலி ரிமாண்ட். ஒரு மாவட்டத்தில் காவல் முடிந்த அன்றே வேறொரு பழைய ரிப்போர்ட்டின் பேரில் அடுத்த மாவட்டப் போலீஸ் கைது செய்து, நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. பினாங்கில் மட்டும் ஐந்து மாவட்டங்கள். எதிர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத குடும்பத்துக்கு இது நடந்தால், பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

லாயரைக் கூப்பிடுமுன் கையில் இருக்க வேண்டியவை

இரவு பதினொரு மணிக்கு லாயரை அழைத்து "பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் அவரால் அதிகம் செய்ய முடியாது. போலீஸ் நிலையக் கவுண்டரில் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

1. ரிப்போர்ட் எண்.
2. எந்தச் செக்‌ஷனில் விசாரிக்கிறார்கள்.
3. விசாரணை அதிகாரியின், அதாவது ஐஓவின் பெயர், தொலைபேசி எண்.
4. கைதான நேரம். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.
5. எந்த லோக்காப், ரிமாண்டுக்கு எந்த நீதிமன்றம், காலை எத்தனை மணிக்கு.
6. கைதானவரின் அடையாள அட்டை எண், வயது, நோய், சாப்பிடும் மருந்து.

வயது 18-க்குக் கீழ் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் பொருந்தும்: பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், சிறார் நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை நடக்கும், பெற்றோர் உடனிருக்க வேண்டும், பெயரோ பள்ளியோ படமோ ஊடகத்தில் வரக் கூடாது.

ஊர் லாயரா, பட்டணத்து லாயரா?

சிறு பட்டணத்து லாயர் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது வீடு, நிலம் வாங்கல் விற்றல், விவாகரத்து, விபத்து இழப்பீடு. அவர்கள் நல்ல வழக்கறிஞர்கள்தான். ஆனால் வீட்டுப் பத்திரம் அழகாகச் செய்துகொடுத்தவர் என்பதால் குற்ற வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவர் பழகியிருப்பார் என்று சொல்ல முடியாது. பெயர் பெற்ற ஜார்ஜ்டவுன் லாயர் பாலம் கடந்து ஜாவி மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வந்துவிடுவார். 2014-இல் பத்து கவானில் வந்து இறங்கும் இரண்டாம் பாலம் திறந்தபின் அது இன்னும் சுலபம். ஆனால் அதே காலையில் அவருக்கு லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு இருந்தால், நம் வழக்குக்கு வருவது அவருடைய உதவியாளராக இருக்கும். 'மென்ஷன்' எனப்படும் தேதி குறிக்கும் நாளுக்கு அது பரவாயில்லை. ரிமாண்ட், ஜாமீன், விசாரணை நாள்களுக்கு யார் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜாவி, புக்கிட் மெர்தாஜம், பட்டர்வொர்த் நீதிமன்றங்களில் வாரா வாரம் குற்ற வழக்குக்கு நிற்கும் நடுத்தர அனுபவமுள்ள லாயர், பெரும்பாலான கைகலப்பு, திருட்டு, சிறு போதைப்பொருள் வழக்குகளுக்குப் போதும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. டிபிபியிடம் நேரில் பேசி விளக்கம் கேட்கவும், ரிமாண்டுக்குக் காலை எட்டரைக்கு வந்து நிற்கவும் அவரால் முடியும். மரண தண்டனை வரை போகக்கூடிய வழக்கு, கொலை, பெரிய அளவு போதைப்பொருள் என்றால் கதை வேறு. உயர் நீதிமன்ற விசாரணை நடத்திய அனுபவம் கட்டாயம் வேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா? மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். சட்டம் படித்துவிட்டுப் பயிற்சியில் இருப்பவரும், அனுபவமுள்ள லாயர் கிராணியும் வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார்கள்.
2. இதே செக்‌ஷனில் முழு விசாரணை நடத்தியிருக்கிறாரா, ஒப்புக்கொண்டு தண்டனை குறைக்கக் கேட்ட வழக்குகள் மட்டும்தானா?
3. கைதானவரை இன்றே போய்ப் பார்ப்பாரா?
4. எதிர்த் தரப்புக்கோ உடன் கைதான மற்றவர்களுக்கோ இவர் ஏற்கெனவே லாயரா?

"நிச்சயம் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பவரைவிட, "ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்பவரை நம்பலாம். நீதிமன்ற வளாகத்தில் தானாக வந்து பேச்சுக் கொடுத்து 'நல்ல லாயர்' காட்டுகிறேன் என்பவர் புரோக்கர். அப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்ட செயல். "ஐஓவுக்குக் கொஞ்சம் கொடுத்தால் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறை. ஒரு வழக்கு வீட்டுக்குள் இரண்டாகிவிடும்.

எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில்

சிற்றூர் வழக்கின் உண்மையான சிக்கல் இங்கேதான். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். சாட்சி சொல்லப்போகிறவர் பக்கத்து லைன் வீட்டு அக்காள். கடைவீதியில் இருக்கும் இரண்டு மூன்று லாயர்களில் ஒருவர் கோயில் நிர்வாகத்துக்கு ஆலோசகர், இன்னொருவர் அடிபட்டவரின் சித்தப்பா வீட்டுப் பத்திரம் செய்தவர். இரு தரப்பின் நலனும் மோதும் இடத்தில் ஒரே லாயர் நிற்கக் கூடாது. நல்ல லாயர் இதைத் தானே சொல்லி விலகிக்கொள்வார். அப்படி விலகினால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து உடன் கைதானவர்கள். ஐந்து குடும்பமும் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே லாயரை வைப்பது நம் ஊர்களில் வழக்கம். செலவு குறைவு, ஒற்றுமையும் தெரியும். ஆனால் ஐவரில் ஒருவன் கத்தி வைத்திருந்தான், மற்ற நால்வருக்கும் அது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். நால்வரைக் காப்பாற்ற வேண்டிய வாதமே ஐந்தாமவனை மாட்டிவிடும். ஐந்தாமவனைக் காப்பாற்ற 'எல்லாரும் சேர்ந்துதான் போனோம்' என்றால் நால்வரும் மாட்டுவார்கள். ஒரே வாய் இரண்டையும் பேச முடியாது. இது விசாரணை நடுவில் தெரியவந்தால் லாயர் ஐவரையுமே விட்டு விலக நேரிடலாம். கட்டிய பணமும் போன மாதங்களும் திரும்பாது. ரிமாண்டுக்கு ஒருவர் எல்லாருக்காகவும் பேசுவது பெரும்பாலும் சரிதான். குற்றச்சாட்டு வந்த பிறகு, கதை ஒத்துப்போகாத ஒருவராவது தனி லாயர் வைப்பதே பாதுகாப்பு.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் தம் வழக்குக்காகச் சொன்னதை லாயர் அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் செக்‌ஷன் 126 தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு லாயரிடம் சொன்னதற்குத்தான். அறையில் கூடவே உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கும் வட்டார அரசியல் கட்சித் தலைவருக்கும் அது கிடையாது. அவர்களைச் சாட்சியாக அழைக்கலாம். எனவே நடந்தது என்ன என்பதைப் பையன் லாயரிடம் தனியாகச் சொல்லட்டும். பெற்றோரே கட்டணம் கட்டினாலும் கட்சிக்காரர் பையன்தான். தாமான் வாட்ஸ்ஆப் குழுவில் "என் மகன் தற்காப்புக்காகத்தான் அடித்தான்" என்று அம்மா போடும் ஒரு குரல் பதிவு எதிர்த் தரப்புக்கு நல்ல பொருளாகிவிடும்.

கோயில் மண்டபத்தில் பேசி முடித்தால்?

பேசி முடிப்பது நல்லதுதான். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ரிப்போர்ட் செய்தவர் 'திரும்பப் பெறுகிறேன்' என்று இன்னொரு ரிப்போர்ட் போட்டாலும், தொடர்வதா விடுவதா என்பது அரசுத் தரப்பின் முடிவு. செக்‌ஷன் 323 போன்ற சில சிறு குற்றங்களைச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 324, 326 என்று போனால் அடிபட்டவர் மன்னித்தாலும் வழக்கு நிற்காமல் ஓடலாம். அப்போது அந்தச் சமரசத்தின் மதிப்பு வேறு விதம்: மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது ஆகியவற்றை லாயர் தம் கடிதத்தோடு டிபிபியிடம் வைப்பார், தண்டனை கட்டத்தில் நீதிமன்றத்திடமும் வைப்பார்.

எனவே முறை முக்கியம். தலைவர்களைக் கூட்டிக்கொண்டு அடிபட்டவர் வீட்டு வாசலில் பத்துப் பேர் போய் நின்றால், அது சாட்சியை மிரட்டியதாகப் புகாராகும். ஜாமீன் நிபந்தனையில் சாட்சிகளோடு தொடர்புகொள்ளக் கூடாது என்று இருந்தால் ஜாமீனே ரத்தாகலாம். சமரசப் பேச்சைக் குற்றம் சாட்டப்பட்டவர் விலகி நிற்க, லாயர் வழியே தொடங்குவதுதான் சரி.

பணம்: எது கட்டணம், எது ஜாமீன்

குற்ற வழக்குக்கு அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியல் கிடையாது. செக்‌ஷன், நீதிமன்றம், சாட்சிகளின் எண்ணிக்கை, லாயரின் அனுபவம் எல்லாம் சேர்ந்து தொகை அமையும். 'மொத்தம் இவ்வளவு' என்பதைவிடக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி வாங்குவது நல்லது: ரிமாண்ட், குற்றச்சாட்டு வாசிப்பும் ஜாமீனும், டிபிபிக்குக் கடிதம், விசாரணை நாள் ஒன்றுக்கு, மேல்முறையீடு. இதில் எது சேர்ந்தது, எது சேராதது என்பது தாளில் இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது. "ஜெயித்தால் மட்டும் கொடுங்கள்" என்ற ஏற்பாட்டை 1976ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம் தடை செய்கிறது.

ஜாமீன் பணம் முற்றிலும் வேறு. அது ஜாமீன்தாரர் பெயரில் நீதிமன்ற முறைப்படி கட்டப்படுவது; குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தேதிக்கும் தவறாமல் வந்திருந்தால் வழக்கு முடிந்ததும் ஜாமீன்தாரருக்கே திரும்பும். தண்டனை கிடைத்தாலும் திரும்பும். ஒரே உறையில் கட்டணத்தையும் ஜாமீன் பணத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, எது எவ்வளவு என்று பின்னால் தெரியாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ரசீது வேண்டும். ஒரு தேதி தவறினால் கைது ஆணை பிறக்கும், ஜாமீன் பணமும் போகலாம். சிலாங்கூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாக் குற்றத்துக்கும் ஜாமீன் கிடைக்காது. மரண தண்டனையோ ஆயுள் சிறையோ உள்ள குற்றத்தில் பொதுவாக இல்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி என்றால் நீதிமன்றம் யோசிக்கலாம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் ஐந்தாண்டுக்கு மேல் சிறை உள்ள குற்றங்களுக்கும் ஜாமீன் இல்லை.

கட்ட வழியில்லை என்றால்

லாயர் வைக்கப் பணமில்லை என்பதற்காக யாரும் தனியாக நிற்கத் தேவையில்லை. மூன்று வாசல்கள் இருக்கின்றன.

1. தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை, மலாயில் 'யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்', சுருக்கமாக வய்பிஜிகே. 2011-இல் தொடங்கப்பட்டு 2012-இல் செயல்பாட்டுக்கு வந்தது. மலேசியக் குடிமக்களுக்கு ரிமாண்டிலிருந்து விசாரணை, மேல்முறையீடு வரை வழக்கறிஞர் தருகிறது. நீதிமன்ற விசாரணைக் கட்டத்தில் வருமான வரம்பு பார்ப்பார்கள். மரண தண்டனை வழக்குகள் இதில் வராது. ரிமாண்ட் நடக்கும் காலையில் நீதிமன்றத்தில் "வய்பிஜிகே லாயர் இருக்கிறாரா?" என்று கேட்டாலே போதும்.

2. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். பினாங்கில் மாநில வழக்கறிஞர் குழுவின்கீழ் இயங்குகிறது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர், குடியுரிமைச் சிக்கல் உள்ளோர் இங்கே கேட்டுப் பார்க்க வேண்டும்.

3. அரசின் சட்ட உதவித் துறை. குடும்ப வழக்குகளில் இதன் வேலை பெரிது. குற்ற வழக்கில் பெரும்பாலும் சிறார் வழக்குகளும், ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனை குறைக்கக் கேட்பதும்.

மரண தண்டனை வழக்கில் லாயர் வைக்க முடியாதவருக்கு உயர் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

'ஒப்புக்கொண்டு முடித்துவிடு'

லாயர் இல்லாமல் போய் நிற்பவர்களின் காதில் அதிகம் விழும் அறிவுரை இது. சில வழக்கில் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். சாட்சியம் உறுதியாக இருக்கும்போது ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் செக்‌ஷன் 172C-இன்கீழ் அரசுத் தரப்போடு முறையாகப் பேரம் பேசவும் வழி இருக்கிறது. ஆனால் விளைவு தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டபின் தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ பற்றித்தான் மேல்முறையீடு செய்யலாம். 'நான் செய்யவில்லை' என்று திரும்ப முடியாது. அபராதம் கட்டியதோடு முடிந்தது என்று நினைத்த பதிவு, அரசாங்க வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் மனுப் போடும்போது முன்னால் வந்து நிற்கும். போதைப்பொருள் உட்கொண்ட குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ மட்டும் இல்லை. அதன்பின் இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை கண்காணிப்பும் உண்டு. குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது மலாய் முழுதாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கையைத் தூக்கிக் கேட்கலாம். புரிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா என்று உறுதி செய்வது நீதிமன்றத்தின் கடமை. இன்று முடிவெடுக்க முடியவில்லை, லாயர் வைக்க அவகாசம் வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்ற விசாரணை கேட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் செக்‌ஷன் 51A-இன்படி விசாரணை தொடங்குமுன் முதல் ரிப்போர்ட்டையும் அரசுத் தரப்பு வைக்கப்போகும் ஆவணங்களையும், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விவரங்களின் குறிப்பையும் லாயருக்குத் தர வேண்டும். ஒப்புக்கொள்வதா எதிர்ப்பதா என்ற முடிவை, முடிந்தால், இந்தத் தாள்களைப் பார்த்தபின் எடுப்பதே அறிவு.

சொஸ்மா, பொக்கா என்று சொன்னால்

கும்பல் தொடர்பு என்று போலீஸ் கருதும் வழக்குகளில் மேலே சொன்ன நாள் கணக்கு பொருந்தாது. 2012ஆம் ஆண்டு சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தில் 28 நாள் வரை காவலில் வைக்கலாம். வழக்கறிஞர் சந்திப்பை 48 மணி நேரம் வரை தள்ளலாம். 1959ஆம் ஆண்டு பொக்கா எனும் குற்றத்தடுப்புச் சட்டத்தில் முதலில் 21 நாள், பிறகு 38 நாள். அதன்பின் வழக்கு விசாரணையே இல்லாமல் வாரியத்தின் ஆணையால் இரண்டாண்டு தடுப்புக் காவலோ நடமாட்டக் கட்டுப்பாடோ வரலாம். இந்தச் சொற்கள் காதில் விழுந்தால் ஆட்கொணர்வு மனு செய்து பழகிய லாயரைத்தான் தேட வேண்டும். இங்கே பட்டணத்து லாயரைக் கூப்பிடுவதில் தயங்க வேண்டாம்.

லாயர் சரியில்லை என்று தோன்றினால்

வழக்கின் நடுவில் லாயரை மாற்றும் உரிமை உண்டு. ஆனால் விசாரணை நாளுக்கு முந்தின வாரம் மாற்றினால் நீதிமன்றம் தேதியைத் தள்ளிவைக்காமல் போகலாம். எனவே குற்றச்சாட்டு வாசித்தபின் வரும் முதல் ஒன்றிரண்டு மென்ஷன் தேதிகளிலேயே கவனிக்க வேண்டும்: ஆவணங்களைக் கேட்டு வாங்கினாரா, தொலைபேசிக்குப் பதில் வருகிறதா, தேதியை முன்கூட்டிச் சொன்னாரா? மாற்றும்போது குற்றச்சாட்டுத் தாள், 51A ஆவணங்கள், டிபிபிக்கு எழுதிய கடிதங்கள், கட்டண ரசீதுகள் ஆகியவற்றைப் பழைய லாயரிடமிருந்து கேட்டுப் புதியவரிடம் சேர்க்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு வராமலே இருந்தார், பொய் சொன்னார் என்பது போன்ற புகார்கள் வழக்கறிஞர்களின் ஒழுங்கு வாரியத்துக்கு எழுத்துமூலம் போக வேண்டும்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டு அறிவிப்பைப் பதிவு செய்ய 14 நாள்தான் உண்டு. அந்த வேலை முதலில் பேசிய கட்டணத்தில் சேர்ந்ததா என்பதைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விட வேண்டும் என்ற கோரிக்கையை, தீர்ப்பு வாசித்த அதே நீதிமன்றத்தில் அன்றைக்கே எழுந்து வைக்கலாம்.